அடிபட்டு வளர்ந்தவர் கொலை செய்தால்: இரக்கம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கொலைச் செய்தி வெளியாகும். ஊரே கொதிக்கும். சில நாள் கழித்து, கொன்றவரின் சின்ன வயதுக் கதை மெல்லக் கசியும்: குடித்துவிட்டு அடித்த அப்பா, விட்டுவிட்டுப் போன அம்மா, பேச ஆளில்லாத வீடு. உடனே இரண்டு குரல்கள் எழும். "பாவம், அவன் என்ன செய்வான்" என்பது ஒன்று. "அந்தக் கதையெல்லாம் யாருக்கு வேண்டும், தூக்கில் போடு" என்பது மற்றொன்று. இரண்டுக்கும் நடுவில் தவிப்பவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். என் பக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்படிப்பட்டவருக்கும் இரக்கம் உண்டு என்று நம்புகிறேன். அந்த இரக்கத்தின் பாரத்தை அவரால் காயப்பட்டவர்களின் தலையில் கட்டக் கூடாது என்பதையும் அதே அளவுக்கு நம்புகிறேன்.

இரக்கம் காட்டினால் குற்றத்தை நியாயப்படுத்தியதாக ஆகாதா?

ஆகாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க நம் குற்றவியல் சட்டமே வழி வைத்திருக்கிறது. தான் செய்வது என்னவென்றே அறிய முடியாத அளவுக்கு மனம் பிறழ்ந்த நிலையில் ஒருவர் செய்தது குற்றமே ஆகாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவு இதைச் சொன்னது. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 22-ஆம் பிரிவு. சிறு வயதில் வதைபட்டவர் என்பது இந்தக் கணக்கில் வராது. அவர் குற்றவாளிதான் என்று தீர்ப்பாகும். அதற்குப் பிறகு, என்ன தண்டனை என்று நீதிபதி யோசிக்கும் கட்டத்தில்தான் அவருடைய வாழ்க்கை பேசப்படும். "நீ செய்தாயா" என்பதற்கும் "உன்னை என்ன செய்வது" என்பதற்கும் தனித்தனியே விடை தேட வேண்டும். இரக்கத்துக்கு இடம் இருப்பது இரண்டாவது கேள்வியில். முதல் கேள்விக்குள் அதை நுழைப்பவர்களால்தான் இரக்கம் என்ற பேச்சையே மக்கள் வெறுக்கிறார்கள்.

நம் நீதிமன்றங்கள் குற்றவாளியின் கடந்த காலத்தை உண்மையிலேயே பார்க்கின்றனவா?

பார்க்க வேண்டும் என்று சட்டம் பல காலமாகச் சொல்கிறது. பார்க்கப்பட்டதா என்றால், பெரும்பாலும் இல்லை.

1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், தண்டனை விதிக்கும் முன் குற்றவாளி சொல்வதைக் கேட்டாக வேண்டும் என்றது. 1980-ல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு மரண தண்டனை செல்லும் என்றது. நீதிபதி பகவதி மட்டும் உடன்படவில்லை. "அரிதினும் அரிதான வழக்கு" என்று நாம் இன்று செய்திகளில் படிக்கும் தொடர் அந்தத் தீர்ப்பிலிருந்து வந்ததுதான். அதே தீர்ப்பு குற்றத்தை மட்டும் பார்த்தால் போதாது, குற்றவாளியையும் பார் என்றது. அவர் திருந்த வாய்ப்பே இல்லை என்று காட்டும் பொறுப்பை அரசின் மேல் வைத்தது. தொடர் மட்டும் பிரபலமாகிவிட்டது. மீதியை நாம் மறந்துவிட்டோம். பல விசாரணை நீதிமன்றங்களில் தண்டனை குறித்த விசாரணை என்பது சடங்காகச் சுருங்கிப்போனது. குற்றவாளி என்று அறிவித்த அன்றே, "வயதான தாய் இருக்கிறார், கருணை காட்டுங்கள்" என்று வழக்கறிஞர் இரண்டு வரி சொல்வதோடு முடிந்துவிடும்.

2022 மே மாதம், மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்த மனோஜ் என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உடைத்துப் பேசியது. மரண தண்டனை விதிக்கும் வாய்ப்புள்ள வழக்குகளில் குற்றவாளியின் மனநல மதிப்பீட்டை விசாரணைக் கட்டத்திலேயே அரசு தாக்கல் செய்ய வேண்டும். அவருடைய வயது, பெற்றோரின் பாதுகாப்பு கிடைத்ததா, வீட்டில் வன்முறையோ புறக்கணிப்போ இருந்ததா, படிப்பு, பொருளாதார நிலை, வேலை என எல்லாவற்றையும் திரட்ட வேண்டும். அவர் மனிதர்களிடமிருந்து ஒதுங்கிப் போனவரா, அப்படியானால் ஏன் என்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. நாட்டின் உச்ச நீதிமன்றம் ஒரு கொலையாளியின் தனிமைக்குக் காரணம் கேட்கிறது. இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு வழக்கு. 2009-ல் கடலூர் மாவட்டத்தில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் பணத்துக்காகக் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டான். குற்றவாளிக்கு விதித்த மரண தண்டனையை உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தன. 2023 மார்ச்சில் மறுசீராய்வின்போது உச்ச நீதிமன்றம் திரும்பிப் பார்த்தால், இத்தனை கட்டங்களில் எங்குமே அவருக்குச் சாதகமான சூழ்நிலைகள் எவை என்று யாரும் கேட்டிருக்கவில்லை. தண்டனை, 20 ஆண்டுகளுக்குக் குறையாத, இடையில் குறைப்பு இல்லாத சிறைவாசமாக மாற்றப்பட்டது. குற்றம் உறுதியாகவே நின்றது. (கொல்லப்பட்டவன் அந்த வீட்டின் ஒரே ஆண் பிள்ளை என்பதைத் தண்டனையைக் கூட்டும் காரணமாக முந்தைய தீர்ப்பு எடுத்துக்கொண்டிருந்தது. பெண் பிள்ளை என்றால் இழப்பு குறைவா? அந்த வாதத்தையும் 2023 தீர்ப்பு தள்ளியது. தள்ள வேண்டியதுதான்.)

எத்தனையோ பேர் அடிபட்டு வளர்கிறார்கள். எல்லாருமா கொலை செய்கிறார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பலர் தாங்களே அடிபட்டு வளர்ந்தவர்கள். "நானும்தான் பட்டேன், நான் யாரையும் தொட்டதில்லையே" என்று சொல்லும்போது அவர்கள் குரலில் இருக்கும் வலி எனக்குப் புரிகிறது. அவர்கள் சொல்வதில் உண்மையும் இருக்கிறது.

அமெரிக்க ஆய்வாளர் கேத்தி ஸ்பாட்ஸ் வைடம் 1989-ல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. வதைபட்டவர்கள் அல்லது புறக்கணிக்கப்பட்டவர்கள் என்று நீதிமன்றப் பதிவேடுகளில் இருந்த 908 குழந்தைகளையும், அதே வயது, அதே சூழலில் அப்படிப் பதிவாகாத 667 பேரையும் அவர் ஒப்பிட்டார். வளரிளம் பருவத்தில் கைதானவர்கள் முதல் பிரிவில் 26 சதவீதம், இரண்டாம் பிரிவில் 17 சதவீதம். ஆக, வதை ஆபத்தைக் கூட்டுகிறது. வதைபட்டவர்களில் பெரும்பாலோர் குற்றத்தின் பக்கம் போகவில்லை என்பதும் அதே எண்ணிக்கையில் இருக்கிறது. நம் நாட்டில் 2007-ல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வில் 12,447 குழந்தைகளிடம் கேட்டபோது மூவரில் இருவர் உடல்ரீதியாக வதைக்கப்பட்டதாகச் சொன்னார்கள். அடி ஒன்றே கொலைகாரரை உருவாக்கும் என்றால் இந்த நாடு தாங்காது.

அப்படியென்றால் வேறுபாடு எங்கே இருக்கிறது? மன உறுதியில் என்று சொல்லிவிடுவது சுலபம். ஹவாயின் கவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் ருத் ஸ்மித்தும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வறுமை, குடி, சண்டை என்று எல்லாக் கேடுகளும் சூழ்ந்த வீடுகளில் பிறந்தவர்களிலும் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாக வளர்ந்தார்கள். அவர்களுக்கு இயல்பிலேயே சில அனுகூலங்கள் இருந்தன. அதோடு, திரும்பத் திரும்பத் தென்பட்டது ஒன்று: பாட்டியோ, சித்தியோ, ஆசிரியரோ, யாராவது ஒருவர் அந்தக் குழந்தையைக் கைவிடாமல் இருந்தார்.

லிசா மான்ட்கோமெரியின் கதையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2004 டிசம்பரில் அமெரிக்காவின் மிசோரி மாநிலத்தில் ஒரு கர்ப்பிணியைக் கொன்று, வயிற்றிலிருந்த குழந்தையை எடுத்துச் சென்றார். குழந்தை உயிரோடு மீட்கப்பட்டது. கேட்கவே உடல் நடுங்கும் குற்றம். லிசா சிறுமியாக இருந்தபோது மாற்றாந்தந்தை அவரை ஆண்டுக்கணக்கில் பாலியல் வதை செய்தார். வீட்டுக்கு வேலை செய்ய வந்தவர்களுக்குக் கூலியாக மகளைக் கொடுத்தார் தாய். இவை கருணை மனுவில் விரிவாக வந்தன. தண்டனை கொடுத்த நடுவர் குழு இவற்றில் பெரும்பகுதியைச் சரியாகக் கேட்கவே இல்லை. லிசாவுக்குத் தந்தை வழியில் ஓர் அக்கா உண்டு. அதே வீட்டில்தான் இருந்தார். எட்டு வயதில் அவரை அங்கிருந்து எடுத்து நல்ல வளர்ப்புக் குடும்பம் ஒன்றில் சேர்த்தார்கள். அவர் வேலைக்குப் போனார், பிள்ளைகளை வளர்த்தார், அமைதியாக வாழ்ந்தார். நான்கு வயது லிசாவை அங்கேயே விட்டுவிட்டார்கள். 2021 ஜனவரி 13 அதிகாலையில் இந்தியானா மாநிலத்தின் டெரே ஹோட் சிறையில் லிசாவுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அவருக்கு வயது 52. அமெரிக்க மத்திய அரசு ஒரு பெண்ணுக்கு மரண தண்டனை நிறைவேற்றியது 1953-க்குப் பிறகு அதுவே முதல் முறை.

அக்காவுக்கு மன உறுதி கூடுதலாக இருந்தது, தங்கைக்கு இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒருத்தியை யாரோ வந்து கூட்டிப் போனார்கள்.

குற்றம் செய்தது ஒரு குழந்தை என்றால்?

1968-ல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் நடந்ததைச் சொல்கிறேன். மே மாதம் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் பாழடைந்த வீட்டில் இறந்து கிடந்தான். ஜூலை கடைசியில் மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் கொல்லப்பட்டான். இரண்டையும் செய்தவள் அதே பகுதியைச் சேர்ந்த மேரி பெல். முதல் சாவு நடந்த மறுநாள் அவளுக்குப் பதினோராவது பிறந்தநாள்.

டிசம்பரில் வழக்கு நடந்தது. மனநிலை காரணமாகப் பொறுப்பு குறைந்தவள் என்ற அடிப்படையில், கொலையாகாத மரணம் விளைவித்தல் என்று தீர்ப்பாயிற்று. கால வரம்பில்லாத காவல் தண்டனை. பத்திரிகைகள் அவளைப் பேய்ப்பிறவி என்ற அளவுக்கு எழுதின. அவளுடைய தாய் பாலியல் தொழிலில் இருந்தவர். அடிக்கடி வீட்டில் இருக்க மாட்டார். மகளைக் கொல்லவே முயன்றார் என்றும், வாடிக்கையாளர்களின் வதைக்கு மகளை ஆளாக்கினார் என்றும் பிற்காலத்தில் வெளிவந்தது. அந்த நீதிமன்றத்தில் இது எதுவும் பேசப்படவில்லை. சட்டப்படி கேட்டிருக்க வேண்டியதில்லை என்றே வைத்துக்கொள்வோம். பத்து, பதினோரு வயதில் ஒரு பிள்ளை இரண்டு உயிரை எடுத்திருக்கிறாள் என்றால், அந்த வீட்டுக்குள் என்ன நடந்தது என்று பார்க்க ஒரு பெரியவருக்குமா தோன்றவில்லை?

அவளை அனுப்பியது சிறுவர்களுக்கான ரெட் பேங்க் என்ற பாதுகாப்பு இல்லத்துக்கு. அங்கிருந்த தலைமை ஆசிரியர் மேல் அவளுக்கு மதிப்பு இருந்தது. பிறகு பெண்கள் சிறை. 1980-ல், 23 வயதில் விடுதலையானார். 1984-ல் ஒரு மகள் பிறந்தாள். வேறு பெயரில் வாழ்ந்தார். 1998-ல் தன் கதையைச் சொன்னதற்காக ஒரு பத்திரிகையாளரிடமிருந்து அவர் பணம் பெற்றது வெளியே வந்தபோது நாடே கோபப்பட்டது. நிருபர்கள் வீட்டைச் சூழ்ந்தார்கள். தாய் யார் என்பது மகளுக்கு அப்போதுதான் தெரிந்தது. 2003-ல் லண்டன் உயர் நீதிமன்றம், தாய், மகள் இருவரின் அடையாளத்தையும் வாழ்நாள் முழுவதும் வெளியிடக் கூடாது என்று உத்தரவிட்டது.

நான் அந்த உத்தரவை ஆதரிக்கிறேன். ஆனால் அந்தப் பணத்தை அவர் வாங்கியிருக்கக் கூடாது. இறந்துபோன சிறுவர்களின் தாய்மாருக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும்? அவர்களுக்கு வேறு பெயரும் கிடையாது, வேறு வாழ்க்கையும் கிடையாது. மேரி பெல்லுக்காக இரங்குகிறவர்கள் அந்தப் பெண்களையும் மறக்காமல் நினைக்க வேண்டும். என்னால் இரண்டையும் செய்ய முடிகிறது. செய்வது கடினமாகத்தான் இருக்கிறது.

இங்கே, 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, 16 வயதுக்கு உட்பட்டவரைப் பெரியவராக நடத்தி விசாரிக்க முடியாது. 16 முதல் 18 வரை உள்ளவர்களைக் கொடுங்குற்ற வழக்குகளில், முதற்கட்ட மதிப்பீட்டுக்குப் பிறகு, அப்படி விசாரிக்கலாம். அப்போதும் மரண தண்டனையோ, விடுதலைக்கு வழியே இல்லாத ஆயுள் தண்டனையோ கூடாது.

தனிமை ஒருவரைக் குற்றவாளி ஆக்குமா?

தனிமையில் வாடுபவர்கள் பெரும்பாலும் தங்களைத்தான் வருத்திக்கொள்கிறார்கள், பிறரை அல்ல. அவர்களைச் சந்தேகத்தோடு பார்ப்பது பெரும் அநியாயம். தனிமை செய்வது வேறு. "டேய், இது தப்புடா" என்று சட்டையைப் பிடித்துச் சொல்ல ஆளில்லாமல் செய்துவிடுகிறது. மனதில் ஊறும் கோபத்தைக் கேட்டு, அதைக் கலைத்துவிட ஒரு நண்பன் இல்லை.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். காதலிக்க மறுத்த பெண்ணை வெட்டியவனுக்காக, அமிலம் ஊற்றியவனுக்காக, "ஏங்கிப் போயிருந்தான், அன்புக்குத் தவித்தான்" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். 2012-ல் காரைக்காலில் அமில வீச்சுக்கு ஆளான இளம் பெண் பொறியாளர் மூன்று மாதம் துடித்து இறந்துபோனார். அவருக்கும் ஏக்கங்கள் இருந்திருக்கும். அவற்றைப் பற்றி யாராவது எழுதினார்களா? அன்பு கிடைக்காதது துயரம். அந்தத் துயரம் இன்னொருத்தியின் மறுப்பின் மேல் எவனுக்கும் உரிமை தராது. இந்த வகைக் குற்றங்களில் தனிமையைப் பேசுவதற்கு முன், பெண் மறுக்கலாம் என்பதையே கற்றுக்கொடுக்காத வளர்ப்பைப் பேச வேண்டும்.

என் கணவர் என்னை அடிக்கிறார். அவர் அப்பா அவரை அடித்தே வளர்த்தாராம். பொறுத்துப் போகச் சொல்கிறார்கள். நான் என்ன செய்வது?

பொறுத்துப் போகாதீர்கள். அவருடைய காயம் உண்மையாக இருக்கலாம். அதற்கு மருந்து போட வேண்டியவர் மனநல மருத்துவர். அடிபடும் உங்கள் உடம்பு அதற்கு மருந்தாக முடியாது. அவருக்காக நீங்கள் இரங்கலாம், அழலாம், அவர் நன்றாக வேண்டும் என்று வேண்டிக்கொள்ளலாம். இத்தனையும் வேறொரு வீட்டில், கதவு பூட்டிய அறையில் இருந்துகொண்டே செய்யலாம். "பாவம், அவனும் அடி வாங்கி வளர்ந்தவன்தானே" என்று மாமியாரும் நாத்தனாரும் சொல்லும்போது, உங்களுக்கு நடப்பதையும் பார்த்துக்கொண்டு ஒரு பிள்ளை வளர்கிறது என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள். 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு உத்தரவும் குடியிருக்கும் உரிமையும் கேட்கலாம். 181 என்ற எண்ணை அழைத்தால் வழிகாட்டுவார்கள்.

பாதிக்கப்பட்ட குடும்பம் மன்னிக்க வேண்டும் என்கிறீர்களா?

இல்லவே இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய், கொன்றவனின் சோகக் கதையைச் சொல்லாதீர்கள். மன்னிப்பது அவர்கள் விருப்பம். மன்னிக்காமல் சாகும்வரை கோபத்தோடு இருப்பதும் அவர்கள் உரிமை. இரங்கும் வேலை மற்ற நமக்கு, அரசுக்கு, நீதிபதிக்கு. அந்தக் குடும்பத்துக்கு நாம் கொடுக்க வேண்டியது வேறு: நீதிமன்றப் படிகளில் அலையவிடாத விசாரணை, காலத்தோடு இழப்பீடு. குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீட்டுத் திட்டம் ஒவ்வொரு மாநிலத்திலும் இருக்க வேண்டும் என்று 2009 முதல் சட்டம் இருக்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம் என்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாது. குற்றவாளியின் உரிமைக்காகப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேசாவிட்டால் அவர்கள் பேச்சு எடுபடாது.

இப்படிக் கதை சொல்லி எல்லாரும் தப்பித்துவிட மாட்டார்களா?

பொய்க் கதையைப் பிடிக்க வழி உண்டு. பள்ளிப் பதிவேடு, மருத்துவமனைச் சீட்டு, அக்கம்பக்கத்தார், பழைய ஆசிரியர்கள் என்று சரிபார்க்கலாம். நடைமுறையில் நான் அஞ்சுவது எதிர்ப்பக்கத்தை. சொல்ல வேண்டிய உண்மையே வெளியே வராமல் போகிறது, ஏழைக்குத் தேடித் தர ஆளில்லாததால். 1994-ல் புனேயில் ஒரு வீட்டில் ஏழு பேர் கொல்லப்பட்ட வழக்கில் மரண தண்டனை பெற்ற ஒருவருக்கு, குற்றம் நடந்தபோது வயது பன்னிரண்டரைதான் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் கண்டறிந்து விடுதலை செய்தது. ராஜஸ்தானில் அவர் படித்த பள்ளியின் பதிவேட்டில் பிறந்த தேதி இருந்தது. அது நீதிமன்றத்தில் ஏற்கப்படுவதற்குள் 28 ஆண்டுகள் சிறையில் போய்விட்டன. அவர் தப்பித்துவிட்டார் என்றா சொல்வீர்கள்?

தண்டனை குறைந்தால் பயம் போய்விடும் என்பவர்களுக்கும் இங்கேயே பதில் சொல்கிறேன். மேலே சொன்ன கடலூர் வழக்கில் கிடைத்தது குறைப்பில்லாத இருபது ஆண்டுகள். அதைச் சின்னத் தண்டனை என்று நினைப்பவர்கள், சிறைக்குள் ஒரு நாளையாவது கற்பனை செய்து பார்க்கட்டும்.

எங்கள் தெருவில் ஒரு குழந்தை தினமும் அடிபடுகிறது. நான் தலையிடலாமா?

தலையிடுங்கள். 1098 என்ற எண்ணுக்கு அழையுங்கள். கட்டணம் இல்லை, எந்நேரமும் அழைக்கலாம். பாலியல் வதை என்று தெரிந்தால், போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி புகார் செய்வது உங்கள் கடமை. தெரிந்தும் சொல்லாமல் இருப்பதுதான் குற்றம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது. ஒவ்வொரு மாவட்டத்திலும் குழந்தைகள் நலக் குழு இருக்கிறது. தேவைப்பட்டால் குழந்தையை அந்த வீட்டிலிருந்து எடுத்துப் பாதுகாப்பான இடத்தில் வைக்க அதற்கு அதிகாரம் உண்டு. "அடுத்த வீட்டு விவகாரம்" என்று அண்டை வீட்டார் உங்களைத் தடுப்பார்கள். ஒருமுறை அழைத்து எதுவும் நடக்கவில்லை என்றால் மறுபடி அழையுங்கள். அழைத்த தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குழந்தையின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பார்க்கும்போதெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுங்கள்.